எலும்பு முதல் மூளை வரை: உடலுக்குள் பொருத்தும் மின்கருவிகள்

உடலுக்குள் பொருத்தப்படும் மருத்துவக் கருவிகளில் இரண்டு வகை உண்டு. செயற்கை முழங்கால் மூட்டு, முறிந்த எலும்புக்கு வைக்கும் பிளேட், பல்லுக்காகத் தாடையில் பதிக்கும் திருகு ஆகியவை முதல் வகை. வைத்த இடத்தில் இருந்து சுமை தாங்குவதே அவற்றின் வேலை. இரண்டாம் வகைக் கருவி தன்னைச் சூழ்ந்த திசுவுக்குள் மின்சாரத்தைச் செலுத்துகிறது. இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர், காது கேளாத குழந்தைகளுக்குப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட், நடுக்குவாதத்துக்காக மூளைக்குள் இறக்கும் மின்முனை, கூடாத எலும்பைக் கூட வைக்கும் மின்திருகு எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாம் வகைக்குள்ளும் ஒரு பிரிவினை இருக்கிறது. பேஸ்மேக்கரும் மூளைத் தூண்டியும் மின்சாரத்துக்கு உடனே பதில் சொல்லும் செல்களோடு பேசுகின்றன. ஒரு துடிப்புக்கு ஒரு பதில், அதுவும் மில்லி நொடிகளுக்குள். எலும்பு, குருத்தெலும்பு, தோல் ஆகியவற்றின் செல்கள் அப்படித் துடிப்பதில்லை. அவற்றைப் பிரியவும் நகரவும் வளரவும் தூண்டவேண்டும். பலன் தெரிய வாரங்களும் மாதங்களும் ஆகும். இந்த இரண்டு வேலைகளையும் வெவ்வேறு துறை மருத்துவர்கள் வெவ்வேறு வழியில் வளர்த்தெடுத்தார்கள். ஆனால் கேள்வி ஒன்றுதான்: உப்புநீரில் ஊறிய திசுவுக்குள் உலோகத்திலிருந்து எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தூரம், எந்த வடிவில் போகவேண்டும்? ஜெர்மனியின் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் 2017இல் தொடங்கிய 'எலைன்' என்ற கூட்டு ஆய்வு மையம் எலும்பு, குருத்தெலும்பு, மூளை மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்து ஆராய்வதற்கும் இதுவே காரணம்.

காயத்தின் மின்சாரம்

மின்சாரத்தை மருந்தாகப் பயன்படுத்தும் எண்ணம் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோம மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் தலைவலிக்கும் கால்வாதத்துக்கும் மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனைப் பரிந்துரைத்தார். உடலே மின்சாரம் உண்டாக்குகிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது 1791இல், இத்தாலியின் பொலோனாவில் உடற்கூறு கற்பித்த லூயிஜி கால்வானி தவளைக் கால் பரிசோதனைகளை வெளியிட்டபோது. மின்சாரம் தவளையுடையதல்ல, தொட்ட இரண்டு உலோகங்களுடையது என்று அலெஸாண்ட்ரோ வோல்ட்டா மறுத்தார். அந்த வாதத்தின் வழியாகவே 1800இல் பேட்டரி பிறந்தது. இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. திசுவுக்குத் தன் மின்சாரம் உண்டு. ஈரமான திசுவில் உலோகத்தை வைத்தால் அங்கேயும் ஒரு மின்வேதியியல் தொடங்கிவிடும். உடலுக்குள் வைக்கும் ஒவ்வொரு மின்கருவியும் இந்த இரண்டு உண்மைகளுக்கும் ஒருசேர ஈடுகொடுக்கவேண்டும்.

1843இல் பெர்லினில் எமில் டு புவா ரேமோன் தன் விரலையே கீறி, அந்தக் காயத்திலிருந்து வெளிவரும் மின்னோட்டத்தை அளந்தார். ஏறத்தாழ 1 மைக்ரோஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அது எங்கிருந்து வருகிறது என்பது இன்று தெளிவாகவே தெரியும். தோலின் செல்கள் சோடியம் அயனிகளை ஓயாமல் உள்நோக்கி இழுக்கின்றன. அதனால் தோலின் உட்புறம் நேர்மின் நிலையிலும் வெளிப்புறம் எதிர்மின் நிலையிலும் இருக்கின்றன. முழுத்தோல் என்பது விரித்துவைத்த ஒரு மெல்லிய பேட்டரி. கத்தி கீறிய இடத்தில் அந்த பேட்டரி ஷார்ட் ஆகிறது. சுற்றியுள்ள தோலிலிருந்து மின்னோட்டம் காயத்தை நோக்கி ஓடி, அதன் வழியாக வெளியேறுகிறது. காயத்தின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டருக்கு நூறு மில்லிவோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்புலம் கினிப் பன்றிகளில் 1982இல் அளக்கப்பட்டது.

தோல் செல்கள் இந்தப் புலத்தைத் திசைகாட்டியாகக் கொண்டு காயத்தின் நடுவை நோக்கி ஊர்கின்றன. ஆய்வாளர் மின் ஷாவோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. வெளியிலிருந்து எதிர்த்திசையில் மின்புலம் கொடுத்தபோது, செல்கள் மூடவேண்டிய காயத்துக்கு முதுகு காட்டி விலகி நகர்ந்தன. காயத்தை மூட எத்தனையோ வேதிச் சைகைகள் அழைத்துக்கொண்டிருக்க, மின்புலத்தின் சொல்தான் எடுபட்டது. திசு மீட்புக்கு மின்கருவி வைக்கும் முயற்சிக்கு இதைவிட உறுதியான அடிப்படை வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் மின்சாரம் உடலுக்கு அந்நியப் பொருள் அல்ல. செல்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மொழி.

எலும்பு

எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதை 1892இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் நூலாகவே எழுதினார். சுமையை எலும்பு செல் எப்படி அறிகிறது என்பதற்கு ஒரு விடை ஜப்பானிலிருந்து வந்தது. கியோட்டோ எலும்பு மருத்துவர் இவாவோ யசுதா, முயலின் தொடை எலும்பில் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, எதிர்மின்முனையைச் சுற்றிப் புதிய எலும்பு திரள்வதை 1953இல் அறிவித்தார். 1957இல் அவரும் இயற்பியலாளர் எய்ச்சி ஃபுகாதாவும் சேர்ந்து, உலர்ந்த எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றுவதை அளந்து காட்டினார்கள். கேஸ் அடுப்பு லைட்டரின் படிகத்தில் நிகழ்வதும் இதே அழுத்தமின் விளைவுதான்.

உயிருள்ள எலும்பு உலர்ந்ததல்ல. அதன் நுண்குழாய்கள் முழுக்க உப்புநீர். எலும்பு வளையும்போது அந்த நீர் அழுத்தப்பட்ட பக்கத்திலிருந்து விலகி ஓடுகிறது. ஓடும் நீரோடு அயனிகளும் போவதால் பிறக்கும் மின்னழுத்தமே உடலுக்குள் மேலோங்கி நிற்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. காரணம் எதுவானாலும் கடைசியில் காண்பது ஒன்று: அழுத்தம் விழும் பக்கம் எதிர்மின் நிலை பெறுகிறது, எலும்பு அங்கே கூடுகிறது.

எலும்பு முறிவுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை உரிய காலத்தில் கூடுவதில்லை. மாவுக்கட்டு, பிளேட், வேறு இடத்திலிருந்து எலும்பு எடுத்து வைத்தல் எல்லாம் பார்த்த பிறகும் கால் ஊன்ற முடியாமல் மாதக்கணக்கில் கிடப்பவர்களே இந்தக் கருவிகளின் முதல் பயனாளிகள். 1971இல் பென்சில்வேனியாவில் ஃப்ரீடன்பர்க், கார்ல் பிரைட்டன் குழுவினர் கணுக்கால் எலும்பு ஒன்றை நேர்மின்னோட்டம் கொடுத்துக் கூட வைத்தார்கள். 1974இல் ஆஸ்திரேலியாவின் அலன் டுவையர், முதுகெலும்புகளை இணைக்கும் அறுவையில் முழுவதும் உடலுக்குள் இருக்கும் தூண்டியைப் பயன்படுத்தினார். இந்த ஆய்வுகளிலிருந்து தேறிய அளவுதான் இத்துறையின் இதயம். ஒரு மின்முனைக்கு 5 முதல் 20 மைக்ரோஆம்பியர் வரை எலும்பு வளர்கிறது. அதற்குக் கீழே பெரிதாக எதுவும் நடப்பதில்லை. மிகுந்துபோனால் சுற்றியுள்ள திசு செத்துப்போகிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இவ்வளவு ஒடுங்கிய இடைவெளி உள்ள சிகிச்சைகள் குறைவு.

இந்த எல்லைக்குக் காரணம் எதிர்மின்முனையில் நடக்கும் வேதியியல். அங்கே கரைந்திருக்கும் ஆக்சிஜனும் நீரும் எலெக்ட்ரானைப் பெற்று ஹைட்ராக்சைடாக மாறுகின்றன. ஆக்சிஜன் குறைந்து காரத்தன்மை ஏறுகிறது. எலும்பு உருவாக்கும் செல்களுக்கு இந்தச் சூழல் பிடிக்கும். மின்னோட்டம் கூடினால் ஹைட்ரஜன் வாயு குமிழிட்டுக் காரம் எல்லை மீறிவிடும். ஆக, எலும்பைக் கூட வைப்பது மின்புலம் மட்டுமா, அது உண்டாக்கும் வேதி மாற்றமா என்ற கேள்வி இன்னும் முழுதாகப் பிரித்து விடைகாணப்படவில்லை.

வயரும் பேட்டரியும் உடலுக்குள் இல்லாமல் செய்யும் வழிகளும் வந்தன. வெளியிலிருந்து துடிக்கும் காந்தப்புலம் செலுத்தும் கருவிக்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 1979இல் ஒப்புதல் தந்தது. ஜெர்மனியில் கிராஸ், லெக்னர் இருவரின் முறை இதிலிருந்து ஒரு படி மேலே போனது. திருகுக்குள் ஒரு சிறு கம்பிச்சுருள் இருக்கும். நோயாளி படுத்திருக்கும்போது இடுப்பைச் சுற்றி ஒரு பெரிய சுருளை வைத்து 20 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் கொடுத்தால், உள்ளே இருக்கும் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, திருகின் முனைக்கும் அதன் தண்டுக்கும் இடையே மின்சாரம் பாயும். தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு சாகும் நோய்க்கு இத்தகைய திருகுகள் பயன்படுகின்றன. தாங்கும் வேலையையும் தூண்டும் வேலையையும் ஒரே திருகு செய்கிறது. இந்தத் துறையின் அழகான கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று.

பலன் என்ன? போலிக் கருவியோடு ஒப்பிட்டுச் செய்த 15 சோதனைகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த பகுப்பாய்வின்படி, மின்தூண்டல் பெற்றவர்களுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு 35 சதவீதம் குறைந்தது. வலியும் ஓரளவு குறைந்தது. ஆனால் நடப்பதிலும் அன்றாட வேலைகளைச் செய்வதிலும் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. எக்ஸ்ரே படத்தை மட்டும் காட்டி வெற்றி என்று சொல்வது போதாது. நோயாளி கேட்பது படம் அல்ல, நடை. இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை சிறியவை. முறிவின் வகையும் தூண்டலின் வகையும் ஆளுக்கு ஆள் மாறின என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

குருத்தெலும்பில் நிலைமை இன்னும் கடினம். அதற்கு ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தேய்ந்தால் தானாக வளராது. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் நுயெனின் குழு 2022இல் வேறொரு பாதை காட்டியது. அறுவைத் தையல் நூலுக்குப் பயன்படும் பாலிலாக்டிக் அமிலத்தை நுண்ணிழைகளாக நெய்தால் அழுத்தமின் பண்பு பெறுகிறது. அந்த இழைத் துண்டை முயலின் முழங்கால் குருத்தெலும்புக் குழியில் வைத்து, முயலை நடக்கவிட்டார்கள். ஒவ்வொரு அடியும் இழையை அழுத்தி மின்சாரம் எழுப்பியது. நடந்த முயல்களில் குழி நன்றாக நிரம்பியது. பேட்டரியும் இல்லை, வயரும் இல்லை. வேலை முடிந்ததும் இழையே கரைந்துவிடும். முயலின் எடையும் மனிதனின் எடையும் ஒன்றல்ல என்றாலும், நோயாளியின் நடையையே மின்நிலையமாக்கும் யோசனை மதிக்கத்தக்கது.

அறுபட்ட நரம்பு

கை, கால் நரம்புகள் அறுந்தால் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளர்கின்றன. அதைவிடப் பெரிய தொல்லை, தைத்த இடத்தைத் தாண்ட இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. சில உடனே கிளம்பும்; சில வாரக்கணக்கில் தயங்கி நிற்கும். கனடாவில் டெஸ்ஸா கோர்டன் குழு 2000இல் எலிகளில் செய்த ஆய்வில், தைத்தவுடன் ஒரே ஒரு மணி நேரம் 20 ஹெர்ட்ஸ் துடிப்பு கொடுத்தபோது, 8 முதல் 10 வாரம் எடுத்த வேலை 3 வாரத்தில் முடிந்தது. அந்த ஆய்வில் நாள் கணக்கில் கொடுத்ததால் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. ஒரு மணி நேரமே போதுமாக இருந்தது. இங்கே மின்சாரம் வளர்ச்சியை இழுத்துச் செல்வதில்லை. நரம்பு செல்லின் உள்ளே வளர்ச்சிக்கான மரபணுக்களைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

சில நாள் மட்டும் தேவைப்படும் கருவியை எடுக்க இன்னொரு அறுவை எதற்கு என்ற கேள்விக்கு 2018இல் நார்த்வெஸ்டர்ன், செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் விடை தந்தன. எலியின் கால் நரம்பைச் சுற்றிக் கட்டும் வயரற்ற தூண்டி ஒன்றை உடலில் கரையும் பொருள்களால் செய்தார்கள். சுமார் இரண்டு வாரம் வேலை செய்துவிட்டு அது கரைந்து மறைந்தது. அதே வழியில் 2021இல் கரையும் பேஸ்மேக்கரும் வந்தது.

மூளை

நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோயில் மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிகின்றன. கை நடுங்கும், உடல் விறைக்கும், அசைவு மந்தமாகும். மாத்திரையாகத் தரப்படும் லெவோடோபா, டோபமைனாக மாறி இந்தக் குறையை ஈடு செய்கிறது. நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையில் இந்த லெவோடோபா இருப்பதை 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அது நடுக்குவாதத்தின் முதன்மை மருந்தாக 1960களில் நிலைபெற்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கட்டற்ற அசைவுகளும், வேலை செய்யாத நேரத்தில் விறைப்பும் மாறி மாறி வருகின்றன. மூளைத் தூண்டலின் இடம் இங்கேதான்.

அதற்கு முன்பு மருத்துவர்கள் மூளைக்குள் நடுக்கம் பிறக்கும் பாதையில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டுப் பொசுக்கினார்கள். சுடுவதற்கு முன் இடம் சரிதானா என்று மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட், துடிப்பின் வேகத்தை மாற்றிப் பார்த்தார். நொடிக்கு 100 துடிப்பை நெருங்கியதும் நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தியதும் நடுக்கம் திரும்பியது. பொசுக்கினால் திரும்பப் பெற முடியாத ஒன்றை, ஒரு பொத்தானால் நிறுத்தவும் தொடங்கவும் முடிந்தது. அவரும் நரம்பியல் மருத்துவர் பியர் போலாக்கும் இதை நிலையான சிகிச்சையாக்கினார்கள்.

மின்முனையை வைக்கும் இடத்தை முடிவு செய்ததில் இன்னொரு ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. 1982இல் கலிபோர்னியாவில் கலப்பட போதைப் பொருள் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சில நாளில் கல்லாய் உறைந்தார்கள். அதில் இருந்த எம்பிடிபி என்ற வேதிப்பொருள் டோபமைன் செல்களைக் கொன்றிருந்தது. அந்தப் பொருளைக் கொண்டு குரங்குகளில் நோயை உண்டாக்கிய மாலன் டிலாங் குழு, மூளையின் தாலமஸ் பகுதிக்குக் கீழே இருக்கும் ஒரு சிறு நரம்புக் கொத்து அளவுமீறி இயங்குவதையும், அதை அடக்கினால் குரங்கு மீண்டும் அசைவதையும் 1990இல் காட்டியது. 1993இல் கிரெனோபிள் மருத்துவர்கள் அந்தக் கொத்திலேயே மின்முனையை இறக்கினார்கள். பெனாபிட்டுக்கும் டிலாங்குக்கும் 2014இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது சேர்ந்தே கிடைத்தது.

அறுவையின்போது பெரும்பாலும் நோயாளி விழித்திருப்பார். தலையில் ஒரு உலோகச் சட்டம் திருகி, எம்ஆர்ஐ படத்தின் அளவுகளைக் கொண்டு பாதை குறிப்பார்கள். மண்டையோட்டில் ஒரு காசு அளவு துளை. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. நுண்முனை ஒவ்வொரு மில்லிமீட்டராக இறங்கும்போது நரம்பு செல்களின் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும். தேடும் கொத்தை அடைந்ததும் சத்தம் அடர்ந்து மாறும். அப்போது நோயாளியின் கையில் பேனாவைக் கொடுத்து ஒரு சுருள் கோலம் போடச் சொல்வார்கள். மின்சாரம் இல்லாதபோது கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கும். மின்சாரம் கொடுத்ததும், அதே கை, அதே தாளில், பள்ளிக்கூடப் பிள்ளை வரைவது போன்ற வழுவழுப்பான சுருளை வரையும். இந்த இரண்டு சுருள்களும் அருகருகே இருக்கும் தாள், எத்தனை பக்க விளக்கமும் சொல்லாததைச் சொல்லிவிடும். பிறகு வயர் காதின் பின்னால் தோலுக்கடியில் ஓடி, காறை எலும்பின் கீழே பதித்த பேட்டரிப் பெட்டியைச் சேரும்.

வழக்கமான மின்முனை 1.27 மில்லிமீட்டர் பருமன், நுனியில் 1.5 மில்லிமீட்டர் நீள பிளாட்டினம் இரிடியம் வளையங்கள் நான்கு. நொடிக்கு 130 துடிப்பு, ஒவ்வொன்றும் 60 மைக்ரோ நொடி என்பது பரவலான தொடக்க அளவு. அமெரிக்காவில் 1997இல் நடுக்கத்துக்கும், 2002இல் பார்கின்சனின் பிற அறிகுறிகளுக்கும், 2003இல் தசை முறுக்கு நோயான டிஸ்டோனியாவுக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஜெர்மன் குழு ஒன்று 156 நோயாளிகளிடம் செய்து 2006இல் வெளியான சோதனை, மருந்தை மட்டும் நம்பியதைவிட அறுவை பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் தெளிவாக உயர்ந்ததைக் காட்டியது. உலகில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த அறுவை நடந்திருக்கிறது. நோய் முன்னேறுவதை இது நிறுத்துவதில்லை. பேச்சுக் குழறலும் மனநிலை மாற்றமும் சிலருக்கு வருகின்றன. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு நேரலாம்.

எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த விடை இல்லை. சுட்டுப் பொசுக்கியது போன்ற பலன் தருவதால், செல்களை அடக்குகிறது என்று முதலில் எண்ணினார்கள். ஆனால் மின்முனை அருகில் உள்ள நரம்பிழைகளைத் தூண்டவே செய்கிறது. தவறான தாளத்தில் சுழன்றுகொண்டிருக்கும் செய்தியைச் சீரான துடிப்பால் மறைத்துவிடுகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். டிஸ்டோனியா இந்த விளக்கத்துக்கும் ஒரு சோதனை. நடுக்கம் நொடிகளில் நிற்க, தசை முறுக்கு தளர வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. அதாவது மூளையிலும் ஏதோ ஒன்று மெல்ல மாறி அமைகிறது. எலும்பு கூடுவதன் கால அளவு இங்கே மூளைக்குள் தலைகாட்டுகிறது. ரோஸ்டாக் குழுவினர் பிறவியிலேயே தசை முறுக்கு வரும் ஒருவகை வெள்ளெலியில் இந்த மெதுவான மாற்றத்தைத் தேடுவதன் பொருள் இதுதான்.

மனநோய்களில் பயணம் மேடு பள்ளமானது. மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 6 பேருக்கு ஹெலன் மேபர்க் குழு 2005இல் மூளைத் தூண்டல் செய்தபோது 4 பேருக்கு நீடித்த நன்மை தெரிந்தது. 90 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், ஆறு மாத முடிவில் உண்மைத் தூண்டலுக்கும் போலித் தூண்டலுக்கும் வேறுபாடு கிடைக்காமல் அது நிறுத்தப்பட்டது. அதே நோயாளிகள் பலரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தபோது முன்னேற்றம் தெரிந்தது. டிஸ்டோனியா காட்டும் மெதுவான கடிகாரத்தை மனதில் கொண்டால், ஆறு மாதம் என்ற கெடு அவசரப்பட்டதாகவே படுகிறது.

உலோகமும் உப்புநீரும்

எலும்புக்கு மருந்தான நேர்மின்னோட்டம் மூளைக்கு ஆகாது. எலும்பில் புது வளர்ச்சியைத் தூண்டும் அதே கார மாற்றம் நரம்பு செல்லைக் கொன்றுவிடும். அதனால் மூளைக்குள் செலுத்தும் ஒவ்வொரு துடிப்பையும் உடனே எதிர்த்திசைத் துடிப்பால் திரும்பப் பெறவேண்டும். கணக்கில் மிச்சம் இருக்கக்கூடாது. ஜான் லில்லி 1955இல் முன்வைத்த இந்த இரட்டைத் துடிப்பு இன்றும் அடிப்படை விதி. ஒரு துடிப்பில் போகும் மின்னூட்டத்துக்கும் எல்லை உண்டு: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 மைக்ரோகூலும். கணக்குப் போட்டால் எவ்வளவு இடைவெளி விட்டு வேலை நடக்கிறது என்பது புரியும். 3 மில்லிஆம்பியரை 60 மைக்ரோ நொடி செலுத்தினால் 0.18 மைக்ரோகூலும். ஒரு வளையத்தின் பரப்பு சுமார் 0.06 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 3 மைக்ரோகூலும். எல்லையில் பத்தில் ஒரு பங்கு.

வைத்த கருவியைச் சுற்றி உடல் வடுத்திசுவால் ஓர் உறை கட்டும். அதனால் மின்தடை மாறும். ஒரே வோல்ட்டுக்கு வேறு அளவு மின்சாரம் போகும். ஆகவே புதிய கருவிகள் வோல்ட்டை அல்ல, மின்னோட்டத்தை நிலையாக வைக்கின்றன. வளையத்தைத் துண்டுகளாக்கி, வேண்டிய பக்கம் மட்டும் மின்சாரத்தைத் திருப்பும் மின்முனைகளும் வந்துவிட்டன.

மின்சாரம் எங்கிருந்து வருவது என்பது தொடக்கத்திலிருந்தே இருக்கும் தலைவலி. 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சனுக்கு வைத்த உலகின் முதல் உட்பொருத்து பேஸ்மேக்கர், காலணி பாலிஷ் டப்பாவை அச்சாகக் கொண்டு எபாக்சி பிசினில் வார்த்தது. சில மணி நேரத்தில் அது நின்றது. லார்சன் அடுத்தடுத்து 26 கருவிகளோடு 86 வயது வரை, 2001 வரை வாழ்ந்தார். லித்தியம் அயோடின் பேட்டரி 1972இல் வந்த பிறகே ஆண்டுக்கணக்கில் ஓடும் கருவி சாத்தியமாயிற்று. மூளைத் தூண்டிகளுக்கு மின்தேவை அதிகம். சார்ஜ் ஏற்ற முடியாத பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டில் தீரும். சார்ஜ் ஏற்றும் வகை பதினைந்து ஆண்டு வரை வரும்.

தேவைப்படும்போது மட்டும் தூண்டினால் பேட்டரியும் மிச்சம், பக்கவிளைவும் குறைவு. பார்கின்சனில் 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான பீட்டா அலை ஓங்குவதை அதே மின்முனையால் கேட்க முடியும். ஆக்ஸ்ஃபோர்டு குழு 2013இல் 8 நோயாளிகளிடம், அந்த அலை ஓங்கும்போது மட்டும் மின்சாரம் கொடுத்துப் பார்த்தது. தூண்டிய நேரம் பாதிக்கும் மேல் குறைந்தும் பலன் கூடியது. வலிப்பு தொடங்குவதை உணர்ந்து அடக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 2013இலும், பார்கின்சனில் இப்படித் தேவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் தூண்டலுக்கு 2025இலும் ஒப்புதல் கிடைத்தது.

வைத்த பிறகு

கருவி பொருத்தப்பட்டவரின் கதை மருத்துவமனையோடு முடிவதில்லை. மூட்டுவலிக்குப் பிசியோதெரபி மையங்களில் சாதாரணமாகக் கொடுக்கும், அலைகளால் சூடேற்றும் டயதெர்மி, மூளைத் தூண்டி உள்ளவருக்கு உயிர்க்கேடு. அதன் அலைகளை வயர் வாங்கி, மின்முனை நுனியைச் சுட்டு மூளையைச் சிதைத்த நேர்வுகள் 2001இல் பதிவாகின. எம்ஆர்ஐ எடுக்கவும் கருவியின் வகை தெரிந்திருக்கவேண்டும். கருவி அட்டையை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் காது கேளாத சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த வழி செய்தது பெரிய காரியம். அந்தக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சியும், வெளியே அணியும் கருவியின் பழுதும் பேட்டரியும் பல்லாண்டுச் செலவு. பொருத்தும் நாளின் செலவை மட்டும் கணக்கிடும் எந்தத் திட்டமும் அரைகுறை.

விழித்திரையில் 60 மின்முனைகளை வைத்துப் பார்வையின் சாயலைத் தந்த 'ஆர்கஸ் 2' கருவி, உலகில் 350க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டது. அதைச் செய்த நிறுவனம் அந்தத் தொழிலைக் கைவிட்டபோது, பழுது பார்க்கவும் மாற்றுப் பாகம் தரவும் ஆளின்றி, கருவி கண்ணுக்குள் இருக்கவே சிலர் மீண்டும் இருளுக்குப் போனார்கள். பேஸ்மேக்கர் துறையில் இந்த ஆபத்தைக் குறைக்கும் ஓர் எளிய ஏற்பாடு பல ஆண்டுகளாக உண்டு. ஐஎஸ்-1 என்ற பொது இணைப்பான் தரத்தால், ஒரு நிறுவனத்தின் பெட்டியை இன்னொரு நிறுவனத்தின் வயரில் செருகலாம். மூளைத் தூண்டிகளில் இணைப்பான்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. பேட்டரி தீர்ந்த நோயாளி பழைய நிறுவனத்தையே தேடிப் போகவேண்டும், அல்லது இடையில் ஒரு அடாப்டரைச் செருகவேண்டும்.